வாசனைத் தேர்வு

ஜூலை 14, திங்கள்

பி.எஸ்சி. நரம்பறிவியல் நான்காம் ஆண்டு இன்று தொடங்கியது. மூன்று ஆண்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு போக நினைத்தவர்கள் போய்விட்டார்கள். ஆனர்ஸ் வேண்டும் என்று தங்கியவர்கள் ஏழு பேர். நிபந்தனைகளைத் துறைப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். நூற்று அறுபது கிரெடிட். சராசரி எட்டுக்குக் குறையக் கூடாது. அரியர் கூடாது. சொந்தமாக ஓர் ஆய்வு, அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. கடைசியாக, ஆய்வு நாட்குறிப்பு. இதுதான் அது.

நாட்குறிப்பைப் பேனாவில் எழுத வேண்டும். தாளைக் கிழிக்கக் கூடாது. தவறாக எழுதியதை ஒரே கோட்டால் அடிக்க வேண்டும். அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். வேலை நடக்காத நாளுக்குக் காரணம் எழுத வேண்டும். சொந்த விஷயங்களைத் தவிர்க்க வேண்டும்.

அலுவலகத்தில் பெயரைப் பதிந்தேன். கிளார்க் கோதண்டராமன் சார் என்னை மறக்கவில்லை. "சுடர்க்கொடிதானே? கடைசியா ஆனர்ஸ் அப்ளிகேஷன்ல பெத்தவங்க கையெழுத்து வேணும். உங்கம்மாவ இந்தத் தடவையாவது கட்டத்துக்குள்ள போடச் சொல்லு" என்றார். அம்மா நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். முதலாண்டுச் சேர்க்கையில் அவருடைய பெரிய 'வேதவல்லி' கட்டத்தைத் தாண்டி இரண்டு படிவங்களைப் பாழாக்கியது. மூன்றாவதிலும் அடங்கவில்லை. "கரும்பலகைன்னு நெனச்சுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு சார் வாங்கிக்கொண்டார்.

ஜூலை 25, வெள்ளி

வழிகாட்டி பிரமிளா மேடம் தலைப்பை ஒப்புக்கொண்டார். பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்குக் கை நடுங்கத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வாசனை தெரிவது குறைந்துவிடுகிறது. இதைச் சோதிக்க வெளிநாட்டுப் பெட்டி ஒன்று துறையில் இருக்கிறது. நானும் வகுப்புத் தோழி ஃபர்ஹானாவும் முகர்ந்து பார்த்தோம். பைன் மரம், லைலாக் பூ இரண்டையும் அவள் "பாத்ரூம் கழுவுறது" என்றாள். நானும் அதைத்தான் நினைத்தேன். எங்கள் இருவருக்கும் நோய் இல்லை.

ஆகவே நம் ஊர் வாசனைகள் பன்னிரண்டு, பன்னிரண்டு பாட்டில்களில். நோயாளிகள் இருபது பேர், நலமாக இருப்பவர்கள் இருபது பேர், எல்லோரும் ஐம்பது வயதுக்கு மேல். பட்டியலில் பெயர் வராது. நோய்-1, நலம்-1 என்று எண் மட்டும். ஒரு குழுவில் பத்தொன்பது இருந்தாலும் ஆய்வு செல்லாது.

"அப்ப என்ன ஆகும் மேடம்?"

"ஆனர்ஸ் இல்லாம சாதா பட்டம். அதுவும் பட்டம்தான்."

ஆனர்ஸ் இருந்தால்தான் முதுகலை படிக்காமல் நேரே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். பெங்களூருக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒப்புதல் படிவத்தை மூன்று பேரிடம் காட்டிப் புரிகிறதா என்று பார்த்து வரச் சொன்னார் மேடம். மருத்துவமனையில் நரம்பியல் வெளிநோயாளிப் பிரிவுக்குப் போனேன். தலைப்பு: மணத் தேர்வு.

முதல் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பாப்பா, எனக்கு எழுவத்திரண்டு. பொண்டாட்டி பக்கத்துலயே உக்காந்திருக்கா."

அந்த அம்மாள் படிவத்தை வாங்கிப் படித்தார். "இவருக்குப் பொண்ணு பாக்குறீங்களா? தாராளமாப் பாருங்க. மாத்திரை எழுதியிருக்கிற சீட்டையும் சேத்துக் குடுத்துடறேன்."

மற்ற இருவரிடம் காட்டவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நெறிமுறைக் குழு. தமிழ்த் துறையிலிருந்து இளஞ்சேரன் ஐயா வந்திருந்தார். மணம் என்றால் திருமணம் என்று கொள்வார்கள், ஆகவே நாற்றம் என்று போடுங்கள் என்றார். நாற்றம் என்பதற்குப் பழைய பொருள் நல்ல வாசனைதானாம். வாசனை என்று போடலாமே என்றார் மேடம். அது வடசொல் என்றார் ஐயா. நாற்பது நிமிடம். நாற்றத் தேர்வு என்று முடிவாயிற்று.

செப்டம்பர் 2, செவ்வாய்

நாற்றத் தேர்வுப் படிவத்தோடு போனேன். அப்பாவை அழைத்து வந்திருந்த ஆட்டோ ஓட்டுநர் எழுந்து நின்றார். "எங்கப்பா தெனம் ரெண்டு வேளை குளிக்கிறாரு. அவருக்கு நாத்தம் டெஸ்ட்டா? யாரு நீ?" செக்யூரிட்டி வந்தார். திரும்பி வந்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

குழு மறுபடி கூடியது. வாசனைத் தேர்வு. ஐயா தம் மறுப்பை ஓரத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முதல் சொல்லுக்கு மட்டும் இரண்டு கூட்டங்கள். மற்ற பக்கங்களை யாரும் கேட்கவில்லை. ஒன்பதாவது பத்தி: "சோதனையில் குறை ஏதும் தெரியவந்தால், அது இரண்டு வாரங்களுக்குள் பங்கேற்பாளருக்குத் தெரிவிக்கப்படும்." இது எல்லாப் படிவங்களிலும் இருக்கும் வாக்கியம். பழைய படிவம் ஒன்றிலிருந்து எடுத்து எழுதினேன்.

அனுமதி கிடைத்தது.

அக்டோபர் 20, திங்கள்

வேலை நடக்கவில்லை. காரணம்: தீபாவளி.

நவம்பர் 8, சனி

பாட்டில்கள் தயார். பழுப்புக் கண்ணாடி, ஹோமியோபதிக் கடையில் வாங்கியவை. உள்ளே பஞ்சு. காபித்தூள், பெருங்காயம், கற்பூரம், பூண்டு, சந்தனம், மண்ணெண்ணெய், மல்லிகை அத்தர், சீயக்காய், ஏலக்காய், எலுமிச்சை, நெய், தைலம். முகர்ந்துவிட்டு, பதினாறு படங்கள் உள்ள அட்டையில் சரியான படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

நிரப்பியதெல்லாம் அம்மாதான். எனக்குத் தும்மல் வந்துகொண்டே இருந்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெருங்காயத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துத் தூளாக்கினார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் சீட்டும் ஒட்டினார். "வரிசையைத் தாள்ல எழுதி வச்சுக்கோ. மறந்துடுவே" என்றார். எழுதி வைத்தேன்.

நவம்பர் 15, சனி

வீட்டார் பங்கேற்கலாம், ஆனால் ஆய்வாளரே சோதிக்கக் கூடாது. அதனால் ஃபர்ஹானா சோதித்தாள். அவளுடைய தூக்க ஆய்வுக்கு நான் தூங்கிக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அம்மா பள்ளிக்குப் போகும் சேலையில் வந்தார். படிவத்தின் தலைப்பை வாசித்தார். "எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். நேரக் கணக்கு இல்லை என்றாள் ஃபர்ஹானா. "அப்ப நிதானமா எழுதலாம்" என்றார். எழுத ஒன்றும் இல்லை, தொட்டுக் காட்டினால் போதும் என்றாள்.

நலம்-11: பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

"சுடரு, உங்கம்மாதான்டி டாப்பர்" என்றாள் ஃபர்ஹானா. நலமானவர்களின் சராசரி இதுவரை பத்து. அம்மாவிடம் சொன்னேன். தலையசைத்தார்.

டிசம்பர் 5, வெள்ளி

நோய்-9, நோய்-10. ஒருவருக்கு நான்கு, மற்றவருக்கு ஐந்து. நெய்ப் பாட்டிலைப் பதினோரு பேர் சீயக்காய் என்றார்கள். நலமானவர்களும் சேர்த்து. நெய்யை மாற்ற வேண்டும். கடை மாற்ற வேண்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

வேலை நடக்கவில்லை. காரணம்: அம்மாவோடு கண்ணாடிக் கடை. அம்மா கரும்பலகையில் எழுதுவது தெரியவில்லை என்று கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் தலைமை ஆசிரியரிடம் போயிருக்கிறார்கள். பெஞ்சுகளை முன்னால் இழுத்துப் போட்டாயிற்று. கடைக்காரர் கண்ணைச் சோதித்துவிட்டு பவர் மாறவில்லை என்றார். அம்மா புது பிரேம் மட்டும் வாங்கினார்.

டிசம்பர் 21, ஞாயிறு

குவைத்திலிருந்து அப்பா வீடியோவில் வந்தார். பேசி முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா எம்மேல கோவமா இருக்காளா? மூஞ்சியே சரியில்ல."

அம்மாவைக் கேட்டேன். "நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தேன். சிரிச்சேனே" என்றார்.

இது சொந்த விஷயம். அடித்திருக்க வேண்டும். பேனா அழுத்திவிட்டதால் அடித்தாலும் அடுத்த பக்கத்தில் தெரியும்.

ஜனவரி 15, வியாழன்

வேலை நடக்கவில்லை. காரணம்: பொங்கல். பொங்கல் அடிப்பிடித்தது. எதிர் வீட்டு அக்கா வாசலைத் தாண்டி ஓடி வந்து, "டீச்சர், தீயிற வாட தெரு முழுக்க வருது" என்று அடுப்பை அணைத்தார். அம்மா அடுப்பை ஒட்டித்தான் நின்றிருந்தார். ஏலக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

நலம்-11 பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு எடுத்தவர். இங்கே பதிந்து வைக்கிறேன்.

ஜனவரி 21, புதன்

மறு சோதனை. நலமானவர்களில் பத்துப் பேரை இரண்டாம் முறை சோதித்து, விடை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். மேடம் சொன்னபடி எண் சீட்டுகளைப் பிரித்துப் புது வரிசையில் ஒட்டினேன். ஆய்வகத்தில், தனியாக.

நலம்-11: பன்னிரண்டுக்கு ஒன்று.

ஃபர்ஹானா தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "நான் பழைய விடைத்தாள வச்சுத் திருத்திட்டேனான்னு பாரேன். பழைய வரிசைக்குப் பன்னண்டும் சரியா வருது."

பார்த்தேன். புது வரிசைத் தாள்தான். ஏழாம் பாட்டில் இரண்டு வரிசையிலும் மல்லிகை. அது மட்டும் சரி.

ஃபர்ஹானாவின் கவனக்குறைவாக இருக்கலாம் என்று எழுதியிருந்தேன். ஒரே கோட்டால் அடித்திருக்கிறேன்.

ஜனவரி 22, வியாழன்

வாசனை தெரியாமல் போவதற்குச் சளி, மூக்கில் சதை, தலையில் அடி, கொரோனா என்று பல காரணங்கள் உண்டு. அம்மாவுக்கு 2021-இல் கொரோனா வந்தது. பாடநூலில் இந்தப் பக்கத்தை இன்று நான்கு முறை படித்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

நோய்-19. கணக்கில் இன்னும் ஒருவர்தான் குறைகிறார். அவர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மேடம் நாட்குறிப்பை வாங்கிப் படித்தார். கையெழுத்துப் போடும்முன் விரலை ஜனவரி 21-இன் மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதாவது பத்தி நீ எழுதினதுதானே?"

"ஆமா மேடம்."

"என்னைக்கு ரெண்டு வாரம்?"

"பிப்ரவரி நாலு."

"நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன் மேடம்."

ஜனவரி 30, வெள்ளி

இருபதாமவர் வரவில்லை. அவருடைய மகன் போனில், "சோதனைக்கெல்லாம் அப்பா வர மாட்டாரு, ஏற்கெனவே நொந்துபோயிருக்காரு" என்றார். தரவுகளை ஒப்படைக்கக் கடைசி நாள் மார்ச் 6.

பிப்ரவரி 1, ஞாயிறு

சொல்லவில்லை. காரணம்: அம்மா பள்ளி விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 2, திங்கள்

சொல்லவில்லை. காரணம்: அதுவே.

பிப்ரவரி 3, செவ்வாய்

விடைத்தாள்கள் முடிந்துவிட்டன.

பிப்ரவரி 4, புதன்

பங்கேற்பாளருக்குத் தெரிவித்த விவரம் ஆய்வைச் சேர்ந்தது என்பதால் இதை எழுதுகிறேன்.

மாலை ஐந்தரை. அம்மா சேலை மாற்றிவிட்டு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தார். கத்தியை இடது கையில் பிடித்திருந்தார். எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

"அம்மா, அந்தப் பாட்டில் விஷயம்."

"ஒண்ணு காபி, ரெண்டு பெருங்காயம், மூணு கற்பூரம், நாலு பூண்டு" என்று அம்மா தொடங்கி, பன்னிரண்டு தைலம் என்று முடித்தார். தாள் பார்க்காமல், நவம்பர் வரிசை. பிறகு, "ரெண்டாவது தடவை மாத்திட்டியா?" என்று கேட்டார்.

"மாத்திட்டேன்."

"சிலபஸ் மாத்துனா முன்னாடியே சொல்லணும்."

நான் சிரித்தேனா என்று நினைவில்லை. அம்மா சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். முகத்தில் தெரியவில்லை.

"ஏம்மா வாசம் தெரியலைன்னு ஃபர்ஹானாகிட்ட சொல்லல?"

"தேர்வுன்னு போட்டிருந்துச்சே. மேல கொட்ட எழுத்துல. உன் காலேஜுல, உன் சிநேகிதி முன்னாடி, கணக்கு டீச்சர் பெயில் ஆகணுமா?"

"அது பரீட்சை இல்லம்மா."

"அப்படின்னு நீ எங்க போட்டிருந்தே?"

எங்கும் போடவில்லை. இரண்டு கூட்டங்களில் ஒருவரும் அந்தச் சொல்லைத் தொடவில்லை.

எப்போதிலிருந்து தெரியவில்லை என்று கேட்டேன். நாலு வருடம் இருக்கும் என்றார். கொரோனாவில் போனது, வந்துவிடும் என்று இருந்தாராம். குழம்பில் பெருங்காயத்தைக் கரண்டி அளவை வைத்துப் போடுகிறார். பால் கெட்டதா என்பதை என்னைக் குடிக்கச் சொல்லித் தெரிந்துகொள்கிறார். அது எனக்குத் தெரியாது.

பிறகு நான் ஒன்பதாவது பத்தியைச் சொன்னேன். படித்ததைச் சொல்வதுபோல் சொன்னேன். வாசனைக் குறைக்குப் பல காரணங்கள் உண்டு, அதில் ஒன்று பார்க்கின்சன் என்றேன். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன்.

அம்மா வெண்டைக்காய் முழுவதையும் நறுக்கி முடித்தார். "வலது கை பட்டன் போட மாட்டேங்குது. அதையும் எழுதிக்கோ" என்றார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வெளிநோயாளிப் பிரிவு. இந்த முறை நான் பெஞ்சில். நரம்பியல் மருத்துவர் செபாஸ்டின் சார் என்னைப் பார்த்து, "இன்னைக்கு யாரைக் கூட்டிட்டு வந்திருக்கே?" என்றார். அம்மா என்றேன். பேனாவை மூடி வைத்தார்.

நடக்கச் சொன்னார். இடது கை வீசியது, வலது கை உடம்போடு ஒட்டியிருந்தது. கட்டை விரலால் சுட்டு விரலைத் தட்டச் சொன்னார். பிறகு ஒரு தாள் கொடுத்து, ஒரே வரியைப் பத்துத் தடவை எழுதச் சொன்னார்.

"இம்போசிஷனா டாக்டர்?"

"ஆமா டீச்சர். இன்னைக்கு உங்களுக்கு."

அம்மா 'முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை' என்று எழுதினார். முதல் வரி நன்றாகத் தெரிந்தது. ஐந்தாவது பாதி அளவு. பத்தாவதில் எறும்பு வரிசை. இந்த நோயில் எழுத்து இப்படிச் சுருங்கும் என்றார் டாக்டர். மூன்றாம் பருவத்தில் எனக்கு அது இரண்டு மதிப்பெண் கேள்வி. சரியாக எழுதியிருந்தேன்.

பார்க்கின்சன், தொடக்க நிலை. மாத்திரைக்குக் கேட்கும், வேலைக்குப் போகலாம், நடை முக்கியம் என்றார். அம்மா தாளை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணாடிக்கு ஆயிரத்து எண்ணூறு தண்டம்" என்றார்.

பிப்ரவரி 11, புதன்

வேலை நடக்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

வேலை நடக்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

நலமானவர்கள் பட்டியலில் நலம்-11-ஐ ஒரே கோட்டால் அடித்தேன். அடித்தது படிக்கத் தெரிகிறது. கூடுதலாக இருவரைச் சோதித்திருந்ததால் நலம் குழுவில் இன்னும் இருபத்தொருவர் இருக்கிறார்கள், அங்கே குறையில்லை. நோய் குழுவில் பத்தொன்பதுதான். வெளிநோயாளிப் பிரிவில் இன்று கேட்ட மூவருமே மறுத்தார்கள்.

பிப்ரவரி 27, வெள்ளி

இன்றும் யாரும் கிடைக்கவில்லை. வீட்டில் அம்மா மாத்திரை போட்டுக்கொண்டே கேட்டார்.

"உனக்கு எத்தனை குறையுது?"

"எதுல?"

"நடிக்காதே. ஃபர்ஹானா சொன்னா."

"ஒண்ணு."

"நான் ஒண்ணுதானே."

வேண்டாம் என்றேன். சாதா பட்டமும் பட்டம்தான் என்றேன். பெங்களூரை அடுத்த ஆண்டு, முதுகலை படித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"எனக்கு எப்படியும் இருக்கப்போற நோய். ஒரு ஓரமா நின்னு அட்டெண்டன்ஸ் குடுக்குறேன். என்ன இப்ப?"

மார்ச் 3, செவ்வாய்

மேடம் குழுவிடம் எழுதிக் கேட்டார். ஏற்கெனவே பாட்டில்களை அறிந்தவர் என்பதை ஆய்வேட்டில் சொல்ல வேண்டும், வரிசையை நானோ ஃபர்ஹானாவோ அறியக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்கள். மேடமே எண் ஒட்டினார்.

மார்ச் 4, புதன்

நோய்-20. பெண், 53 வயது. பன்னிரண்டுக்கு இரண்டு. தைலம், கற்பூரம். இவை மூக்கில் எரிச்சலாகவும் தெரியும், வாசனை வேண்டியதில்லை.

நான் வெளியே நின்றேன். கதவு சாத்தவில்லை. பத்து முறை அம்மா "தெரியலை" என்றார். முதல் இரண்டு முறை மெதுவாக. பிறகு சாதாரணமாக. கடைசியில் ஃபர்ஹானாவிடம், "இருபத்தெட்டு வருஷமா புள்ளைங்க இதைச் சொன்னா எந்திரிச்சு நில்லுன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

"நீங்க உக்காந்தே இருங்க ஆன்ட்டி" என்றாள்.

மார்ச் 6, வெள்ளி

தரவுகளை ஒப்படைத்தேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

வாய்மொழித் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் நாற்பது நிமிடம் கேட்டார். நெய்யைப் பற்றி மட்டும் ஏழு நிமிடம். கடைசிக் கேள்வி: இந்த ஆய்வை மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்?

"படிவத்தின் தலைப்புல ஒரு சொல் சார்."

குழு சார்பில் உட்கார்ந்திருந்த இளஞ்சேரன் ஐயா நிமிர்ந்தார். "நான் அன்றே சொன்னேன், வாசனை வடசொல்."

"அது இல்லைங்க ஐயா. தேர்வு."

"அதில் என்ன குறை? நல்ல தமிழ்ச் சொல்லாயிற்றே."

"ஆமாங்க ஐயா. அதனாலதான் நாம யாரும் அதைப் பாக்கல."

வேறு என்ன போடுவாய் என்று தேர்வாளர் கேட்டார். "மோந்து பாருங்கள், தெரியாவிட்டாலும் சொல்லுங்கள்" என்று போடுவேன் என்றேன். நீளமாக இருக்கிறது என்றார். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

ஆனர்ஸ் விண்ணப்பம். கிரெடிட் நூற்று அறுபது. சராசரி 8.4. அரியர் இல்லை. ஆய்வேடு ஏற்கப்பட்டது. இந்த நாட்குறிப்பு இந்தப் பக்கத்தோடு ஒப்படைக்கப்படும்.

அம்மா காலையில் சாப்பாட்டு மேசையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்து உட்கார்ந்தார். ஒரே படிவம்தான் செலவாயிற்று.

கோதண்டராமன் சார் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். பெற்றோர் கையெழுத்தில் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கிட்டே கொண்டுபோனார். கட்டத்தில் முக்கால் பங்கு காலியாக இருந்தது.

"பாத்தியா" என்றார். "சொன்னா எவ்வளவு அழகாக் கட்டத்துக்குள்ள போடுறாங்க."

முத்திரை குத்தினார்.